குவளையிலும் குலமா?

ஒரே பால், ஒரே தேயிலை. குவளை மட்டும் இரண்டு! ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆயினும் பல சிற்றூர்களில் இரட்டைக் குவளை சாகவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. நோய் பரவுமென்று 1909இல் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடுத்தது. காகிதக் குவளை பரவியது. அங்கே கிருமிக்கு அஞ்சினர். இங்கோ மனிதனுக்கே அஞ்சினர்! எறியும் குவளை இங்கு வந்தபோது, சில கடைகளில் சாதிக்கு முகமூடியாயிற்று: சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குக் காகிதம்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையைத் தமிழ்நாடு 1-1-2019 முதல் தடை செய்தது, மண்ணைக் காக்க. மானத்தைக் காப்பது நம் கடன். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பல மாநிலத் தோழர்கள் உழைக்கின்றனர். அவர்களும் நாமும் வெந்நீரில் கழுவிய ஒரே குவளையில் மாறி மாறி அருந்துவோம். அதுவே சமத்துவம்!