வண்டுகடி என்று பெயர் பெற்ற பூஞ்சை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்டுகடி என்றும் பொதுவழக்கில் படர்தாமரை என்றும் சொல்லப்படும் தோல்நோய்க்குப் பல மொழிகள் ஏதோ ஒரு பூச்சியின் பெயரையே சூட்டியிருக்கின்றன. துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறித்த 'டீனியா' என்னும் லத்தீன் சொல், தலையில் திட்டுத் திட்டாக முடி உதிரும் நோய்க்கும் பெயராகி, இன்றுவரை மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் அதனை வளையப் புழு என்றனர். தமிழர் வண்டின் மேல் பழியைப் போட்டனர். வட்டமாகத் தடித்து, விளிம்பு சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போகும் தடத்தைக் கண்டவர்கள், தோலுக்கடியில் ஏதோ ஊர்ந்து செல்கிறது என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அங்கே வண்டும் இல்லை, புழுவும் இல்லை. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை, தான் விழுந்த புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவுவதாலும், அது கடந்துபோன நடுப்பகுதியில் உடல் தன்னை ஆற்றிக்கொள்வதாலுமே அந்த வளையம் உருவாகிறது. பூஞ்சை முனைப்பாக இருப்பது விளிம்பில்தான் என்பதால், ஆய்வுக்கூடத்தில் தோலைச் சுரண்டி எடுப்பவர்களும் விளிம்பிலிருந்தே எடுக்கின்றனர்.

இந்த உண்மை தெளிவானது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். அதற்கு வழி திறந்தது மனித நோய் அன்று, பட்டுப்புழுவின் நோய். இத்தாலியின் லோதி நகரைச் சேர்ந்த அகோஸ்தினோ பஸ்ஸி, பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துச் சாவதற்கு ஒரு பூஞ்சையே காரணம் என்பதை 1835இல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பெர்லினில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இராபர்ட் ரெமாக், 'ஃபேவஸ்' என்னும் தலைப்படையில் தேன்கூட்டின் அறைகளைப் போல் படியும் மஞ்சள் பொருக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அவற்றில் கிளைவிட்ட இழைகளும் சிறு உருண்டைகளும் இருப்பதைக் கண்டார். அவை இன்னவை என்று அவர் அப்போது துணிந்து சொல்லவில்லை. பஸ்ஸியின் கண்டுபிடிப்பை அறிந்திருந்த பேராசிரியர் யோகான் லூக்காஸ் ஷோன்லைன்தான் 1839இல், அந்தப் பொருக்கு ஒரு பூஞ்சை வளர்ச்சியே என்று மிகச் சுருக்கமான ஒரு குறிப்பில் எழுதினார். பின்னர் ரெமாக் அந்தப் பொருக்கைத் தம் கையிலேயே பதித்து நோயை வரவழைத்துக்கொண்டு அது தொற்றும் என்பதை நிறுவியதோடு, 1845இல் அந்தப் பூஞ்சைக்கு ஷோன்லைனின் பெயரையே வைத்தார். யூதராக இருந்ததால் பிரஷ்யாவில் முழுப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்ட ஒருவர், தம் கண்டுபிடிப்பின் புகழைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த இந்தச் செய்தி அறிவியல் வரலாற்றில் கூடுதல் இடம் பெற வேண்டியது. ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று இராபர்ட் கோக் 1876இல் நிறுவுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, மனிதர்க்கு வரும் ஒரு நோயின் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்பது இந்த எளிய தோல்நோயில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

ரெமாக்கின் பணியை அறியாமலேயே பாரிசில் அதே முடிவுக்கு வந்தவர் ஹங்கேரியில் பிறந்த டேவிட் குரூபி. 1841 முதல் 1844 வரையிலான சில ஆண்டுகளில், பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய சிறு சிறு கட்டுரைகளில், தலையில் வரும் படர்தாமரை ஒன்றல்ல, பல என்று அவர் காட்டினார். நோயுற்ற ஒரு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், சில முடிகளில் பூஞ்சையின் வித்துகள் முடித்தண்டைச் சுற்றிலும் உறை போட்டதுபோல் ஒட்டியிருந்தன. வேறு சிலவற்றில் அவை தண்டின் உள்ளே, மூங்கிலுக்குள் மணல் நிரப்பியதுபோல் அடைந்திருந்தன. முடி தலைத்தோலுக்குச் சற்று மேலே முறிந்து விழுவதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. வெளியே உறையிடும் பூஞ்சை, உள்ளே நிரம்பும் பூஞ்சை என்ற அந்தப் பாகுபாட்டைத்தான் இன்றைய மருத்துவ மாணவர்களும் படிக்கின்றனர். முதல் வகைக்கு, பட்டுப்புழு நோயை ஆராய்ந்த பாரிஸ் இயற்கையியலாளர் விக்டர் ஓதுவானின் நினைவாக 'மைக்ரோஸ்போரம் ஓதுவானி' என்று அவர் பெயரிட்டார். ஆயினும் அக்கால மருத்துவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. குரூபியும் ஆராய்ச்சியை விட்டுத் தனி மருத்துவத்துக்குச் சென்றுவிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ரேமோன் சபூரோ மீண்டும் அதே முடிகளைப் பார்த்து, குரூபி சொன்னவை அனைத்தும் சரி என்று உலகுக்கு அறிவித்தார். பூஞ்சைகளைத் தனித்தனியே வளர்க்க சபூரோ வகுத்த, சர்க்கரையும் பெப்டோனும் கலந்த வளர்ப்பூடகம் அவர் பெயராலேயே இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை. தலைமுடியின் வேருக்குள் புகுந்த பூஞ்சையை எந்தக் களிம்பும் எட்டவில்லை என்பதால், முடியையே பிடுங்கி எறிவதுதான் நெடுங்காலம் மருத்துவமாக இருந்தது. கீல் பூசிய துணித் தொப்பியைக் குழந்தையின் தலையில் ஒட்டி, அது இறுகியதும் முடியோடு சேர்த்து இழுத்துப் பிய்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. பின்னர் முடியை உதிர்க்கத் தாலியம் என்னும் நச்சு உப்பு கொடுக்கப்பட்டு, அதனால் குழந்தைகள் இறந்ததும் உண்டு. இவற்றோடு ஒப்பிடும்போது, 1904இல் சபூரோவும் நோவாரேயும் சீர்படுத்திய எக்ஸ் கதிர் மருத்துவம் பெரும் கருணையாகவே தோன்றியது. கதிரின் அளவை அறிய, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய ஒரு சிறு வில்லையைக் கதிரில் வைப்பார்கள். அதன் பச்சை நிறம் குறிப்பிட்ட பழுப்புக்கு மாறியதும் கதிர் நிறுத்தப்படும். குழந்தையின் மொட்டைத் தலையில் ஐந்து புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் நடுவாக வைத்துக் கதிர் செலுத்தும் முறையை 1909இல் அடம்சன் என்னும் மருத்துவர் எளிமையாக்கி வெளியிட்டார். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடி முழுவதும் வலியின்றி உதிர்ந்துவிடும். சில மாதங்களில் நோயற்ற முடி முளைக்கும். உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகள் இந்த முறைக்கு ஆளாயினர்.

அந்தக் கருணையின் விலை பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இஸ்ரேலில் 1948க்கும் 1960க்கும் இடையில், பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தலைப்படைக்காக எக்ஸ் கதிர் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 11,000 பேரைத் தொடர்ந்து கவனித்த பாரூக் மோடானும் அவர் குழுவினரும், கதிர் பெறாதவர்களைவிட இவர்களுக்கு மூளைக்கட்டியும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாக வருவதை 1974இல் அறிவித்தனர். பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க அந்நாடு 1994இல் சட்டம் இயற்றியது. உயிருக்கு ஊறு செய்யாத ஒரு நோயைத் தீர்க்கப் போய், உயிருக்கு ஊறு செய்யும் நோயை விதைத்ததற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் துயரமான சான்றுகள் குறைவு. கதிரைக் கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்றைய பாடநூல் சொன்னதையே செய்தார்கள் என்பதுதான் இதில் அஞ்சத்தக்க செய்தி.

உடலின் மேல் வரும் படர்தாமரைக்கு மட்டும் தாவரங்கள் ஓரளவு கைகொடுத்தன. தமிழகத்தில் சீமை அகத்தியின் இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது பழக்கமான கைமருந்து. வண்டுகடிக்கு ஆகும் செடி என்பதால் அதற்கு வண்டுகொல்லி என்றே ஒரு பெயர் உண்டு. பெயரின் முன்னொட்டு காட்டுவதுபோல் அது வெளியிலிருந்து வந்த செடிதான்; அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். அதே கண்டத்திலிருந்து வந்த இன்னொரு மருந்தின் கதை இதனினும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் 'கோவாப் பொடி' என்ற பெயரில் ஒரு மஞ்சள் தூள் படர்தாமரைக்காக விற்கப்பட்டு வந்தது. போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தது என்பதைத் தவிர, அது எதிலிருந்து கிடைக்கிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. கொல்கத்தாவில் பணியாற்றிய ஜோசப் ஃபேரர் அதைப் பற்றி 1874இல் எழுதிய குறிப்பைப் படித்த சில்வா லிமா என்னும் பிரேசில் மருத்துவர், அது தம் பாஹியா மாநிலத்துக் காடுகளில் வளரும் அராரோபா மரத்தின் தண்டுப் பொந்துகளிலிருந்து சுரண்டி எடுக்கப்படும் தூளே என்று விளக்கினார். அந்தத் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தோலிலும் துணியிலும் நீங்காத கறை படியும். அதில் உள்ள கிரைசரோபினும் சீமை அகத்தி இலையில் உள்ள வேதிப்பொருள்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமக்குப் படர்தாமரை என்று தவறாக எண்ணிய ஒருவர் கோவாப் பொடியைப் பூச, அவருக்கு உண்மையில் இருந்த சொரியாசிஸ் அடங்கியதைக் கண்ட இலண்டன் மருத்துவர் பால்மனோ ஸ்குவையர், அதனை 1870களில் அந்நோய்க்கு மருந்தாக்கினார். இன்றும் சொரியாசிசுக்குத் தரப்படும் டித்ரனால், அந்தப் பொடிக்கு மாற்றாகச் செய்யப்பட்ட செயற்கைப் பொருளே.

ஈழத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1903 முதல் கொழும்பில் வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்து வந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்தெல்லானி, உலகில் மிகப் பரவலான தோல்பூஞ்சையாகப் பின்னர் விளங்கிய, இன்று 'டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம்' எனப்படும் இனத்தை 1910இல் விவரித்தார். அரையிடுக்கில் வரும் படர்தாமரையை அக்கால ஆங்கிலேயர் 'டோபி அரிப்பு' என்றனர். துணி வெளுப்பவர்கள் பலருடைய துணிகளைக் கலப்பதால் நோய் பரவுகிறது என்பது அவர்கள் எண்ணம். இந்தப் பெயர் பெரும் அநீதி. ஈரமும் வியர்வையும் இறுக்கமான உடையுமே அந்த இடத்தில் பூஞ்சை செழிக்கக் காரணம். உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவியில் ஆவி ஏற்றி, பாறையில் வெயில்பட உலர்த்திய துணியில் பூஞ்சை பிழைப்பது அரிது. வண்டின் மேல் போட்ட பழியால் எவர்க்கும் கேடில்லை. உழைத்து வாழும் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் போட்ட பழியை அப்படிச் சொல்வதற்கில்லை.

உள்ளே சாப்பிட்டுத் தீர்க்கக்கூடிய முதல் மருந்து பயிர் ஆராய்ச்சியின் வழியே வந்தது. இலண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, ரைஸ்ட்ரிக், சிமோனார் ஆகிய மூவர் 1939இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபுல்வின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் பயன் அவர்களுக்குப் புலப்படவில்லை. தென் இங்கிலாந்தின் வேரம் புதர்க்காட்டு மண்ணில் ஊசியிலை மரக்கன்றுகள் ஏன் வளரவில்லை என்று தேடியவர்கள், பிற பூஞ்சைகளின் இழைகளைச் சுருள வைக்கும் ஒரு பொருளை 1946இல் கண்டனர். இரண்டும் ஒன்றே என்பது மறு ஆண்டில் தெரிந்தது. பத்தாண்டுக்கு மேல் அது பயிர் நோய்க்கான மருந்தாகவே கருதப்பட்டு வந்த நிலையில், கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜென்டில்ஸ், படர்தாமரை வரவழைக்கப்பட்ட கினிப் பன்றிகளுக்கு அதனை வாய்வழியே கொடுத்து, அவை குணமடைந்ததை 1958இல் வெளியிட்டார். இம்மருந்து பூஞ்சையை உடனே கொல்வதில்லை. புதிதாக உருவாகும் கெரட்டினில் கலந்து, பூஞ்சை மேலும் உள்ளே புக முடியாதபடி தடுத்து நிற்கிறது. ஆகவே பழைய முடி வளர்ந்து வெளியேறும் வரை வாரக்கணக்கில் அதனை உட்கொள்ள வேண்டும். தலைப்படைக்கு எக்ஸ் கதிர் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தது இந்த மருந்தே.

அதன்பின் மருந்துகள் விரைந்து பெருகின. 1960களின் இறுதியில் குளோட்ரிமசோலும் மைக்கோனசோலும் வந்தன. 1990களின் தொடக்கத்தில், வியன்னாவிலிருந்த சாண்டோஸ் ஆய்வகத்தில் உருவான டெர்பினஃபின் வந்தது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப்பொருள் உருவாவதை இவை வெவ்வேறு படிகளில் தடுக்கின்றன. படர்தாமரை இனி ஒரு பொருட்டில்லை என்று மருத்துவ உலகம் எண்ணிய காலம் அது.

அந்த எண்ணம் பொய்த்தது இந்தியாவில். அரிப்பையும் சிவப்பையும் ஓரிரு நாளில் அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு, தோலின் எதிர்ப்பாற்றலையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது; வளையத்தின் அடையாளமே மறைந்துவிடுவதால் மருத்துவரும் ஏமாறுகிறார். இந்த மாற்றுருவை ஐவ், மார்க்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1968இலேயே விவரித்து எச்சரித்திருந்தனர். இருந்தும், பூஞ்சைக்கொல்லியோடு வலுமிக்க ஸ்டீராய்டும் பாக்டீரியாக்கொல்லியும் கலந்த மலிவான களிம்புகள் இந்திய மருந்துக் கடைகளில் சீட்டின்றி விற்கப்பட்டன. கடந்த பத்தாண்டுகளில் முதுகிலும் இடுப்பிலும் தொடையிலும் அகலப் படர்ந்து, டெர்பினஃபினுக்கு அடங்காத படர்தாமரை நாடெங்கும் பெருகியது. மருந்து சென்று தாக்கும் நொதியின் மரபணுவிலேயே மாற்றம் பெற்ற இந்தப் பூஞ்சைக்கு, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் 'டிரைக்கோஃபைட்டன் இந்தோடினியே' என்று இந்தியாவின் பெயரையே வைத்தனர். 2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. 2023இல் நியூயார்க்கிலும் இந்தப் பூஞ்சை கண்டறியப்பட்டது. அங்கு நோயுற்ற இருவரில் ஒருவர் வெளிநாடு சென்றவரே அல்லர்.

படர்தாமரைக்கென்று கடையில் தரப்படும் களிம்பின் உறையில் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களுள் ஒன்று இருந்தால் அதனை வாங்காதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் மருந்தை அரிப்பு நின்ற பிறகும் அவர் குறித்த நாள் வரை விடாமல் பயன்படுத்துங்கள்.