யட்சியும் அந்தர்ஜனமும்

திருவனந்தபுரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையை இந்நகரில் வாழும் தமிழர்களில் அறியாதார் இலர். முன்னாளில் அது காட்டுவழி. பத்மநாபபுரம் செல்வோரிடம் இரவில் அழகிய பெண்ணுருவில் யட்சி ஒருத்தி வந்து சுண்ணாம்பு கேட்பாள் என்றும், நின்றவர் மீண்டதில்லை என்றும் சொல்வர். கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரமறிந்த பாதிரியார் இரும்பாணி கொண்டு அவளை அடக்கினாராம். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்து, 1909 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த 'ஐதிஹ்யமாலை'யில் கத்தனார் கதை இடம்பெற்றுள்ளது.

திருவனந்தபுரத்தில் 1858-இல் பிறந்த சி. வி. ராமன் பிள்ளையும் தம் 'மார்த்தாண்டவர்மா' நாவலை (1891) நீலி உலவும் பஞ்சவன்காட்டிலேயே தொடங்கினார். நீலி நமக்குப் புதியவள் அல்லள். தொண்டைமண்டலத்தில் பழையனூர் நீலி அவளே; சமணர் தம் 'நீலகேசி'யில் அவளையே சமயவாதம் புரிபவளாக ஆக்கினர்.

இக்கதைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு பெண்ணுக்கு அநீதி நேர்கிறது. பின்னர் அவளே பேயாகிறாள். முடிவில் ஆணியோடு ஓர் ஆடவர் வருகிறார். அநீதிக்கு இடந்தந்த ஊரை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை.

அதை விசாரித்தவர் லலிதாம்பிகா அந்தர்ஜனம் (1909–1987). திருவிதாங்கூரில், புனலூருக்கு அருகே நம்பூதிரி இல்லமொன்றில் பிறந்தவர். 1938-இல் வந்த அவரது 'பிரதிகாரதேவதை' என்னும் சிறுகதையில், நள்ளிரவில் எழுத அமர்ந்திருக்கும் ஆசிரியையின் முன் இறந்துபோன பெண்ணொருத்தி தோன்றித் தன் வரலாற்றைத் தானே உரைக்கிறாள். குறியேடத்துத் தாத்ரியின் ஆவி அது. ஆவி கற்பனை, வழக்கு கற்பனையன்று.

ஸ்மார்த்தவிசாரம் என்பது அவ்வழக்கின் பெயர். நம்பூதிரிப் பெண்ணின் ஒழுக்கத்தில் ஐயம் எழுந்தால் முதலில் அவளுடைய பணிப்பெண்ணை வினவுவர். பின்பு அவளை 'அஞ்சாம்புரை' என்னும் தனியிடத்தில் அடைப்பர். அன்று முதல் அவளுக்குப் பெயரில்லை, அவள் 'சாதனம்'. மலையாளத்தில் அச்சொல்லுக்குச் சாமான் என்றே பொருள். அரசரின் ஆணை பெற்று வரும் ஸ்மார்த்தர், மறைவில் நிற்கும் அவளைக் குற்றத்தை ஒப்பும்வரை நாட்கணக்காக, சில வேளை மாதக்கணக்காகக் கேள்வி கேட்பார். ஒப்பியபின் கைகொட்டி வெளியேற்றி, அவள் உயிரோடிருக்கையிலேயே ஈமக்கடன் முடிப்பர். அதன்பின் விருந்து! எந்தப் பேய்க்கதையிலும் இதனினும் கொடிய விருந்தை நாம் படித்ததில்லை.

1905-இல் கொச்சி நாட்டில் நடந்த விசாரணையில் தாத்ரி 65 ஆடவரைச் சுட்டினார். வழக்கத்துக்கு மாறாக, அவர்களும் எதிர்வாதம் புரிய மன்னர் இடமளித்தார். ஆயினும் தாத்ரி கூறிய அடையாளங்களை அவர்களால் வெல்ல இயலவில்லை. சாதிவிலக்குப் பெற்றோருள் நம்பூதிரியர், அம்பலவாசிகள், நாயர்கள், கதகளிக் கலைஞர் காவுங்கல் சங்கரப் பணிக்கர் ஆகியோரோடு தமிழ் ஐயர்களும் இருந்தனர். எனவே அயலார் கதை என்று நாம் ஒதுங்கிநிற்க வழியில்லை. அமெரிக்க ஆசிரியர் ஹாதார்ன் 1850-இல் எழுதிய நாவலில், மதக் கட்டுப்பாடு மிகுந்த ஊரார் அவமானக் குறி அணிவித்த ஹெஸ்டர், தன் காதலனின் பெயரைச் சபையில் இறுதிவரை சொல்லவில்லை. தாத்ரியோ அனைவரையும் சொன்னார்.

லலிதாம்பிகா தாத்ரியைத் தெய்வமாக்கி வணங்கிவிடவில்லை என்பதே அக்கதையின் சிறப்பு எனக் கருதுகிறோம். ஆவியோடு ஆசிரியை வாதிடுகிறார்: அந்தப் பழிவாங்கலால் மற்ற அந்தர்ஜனங்களின் அறைக்கதவு திறந்ததா? ஆணியறைந்து அடக்கும் கத்தனாரைவிட, எதிரே அமர்ந்து கேட்கும் இப்பெண்ணிடம் நமக்கு மதிப்பு மிகுதி. அந்தர்ஜனங்களின் அகவாழ்வை அவர் மீண்டும் எழுதிய 'அக்னிசாட்சி' 1976-இல் வந்தது. மாடம்பு குஞ்ஞுக்குட்டன் தாத்ரியின் வழக்கையே வைத்து 'பிரஷ்டு' (1973) நாவலைப் படைத்தார்.

விலக்கப்பட்ட தாத்ரியைச் சாலக்குடியில் ஆற்றங்கரை வீடொன்றில் வைத்திருந்தனர் என்பர். பின்னர் அவர் தமிழ்நாட்டுக்குச் சென்றுவிட்டார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு.