ஹோம்ஸ் ஒளிந்திருந்த வீடு

'பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்' நாவலில் ஷெர்லக் ஹோம்ஸ், வாட்சனுக்கே தெரியாமல் ஒரு பழங்காலக் கல்குடிசையில் ஒளிந்திருப்பார், ஞாபகம் இருக்கா? கானன் டாயிலின் கற்பனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் அப்படிப்பட்ட வட்ட வீடுகளின் அடிச்சுவர்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கிரிம்ஸ்பவுண்டில் மட்டும் ஒரே மதிலுக்குள் 24. நாவலில் அவை புதிய கற்காலத்தவை. உண்மையில் வெண்கலக் காலத்தவை.

நாவலின் டார்ட்மூர் ஒரு பாழ்வெளி. சேறு, மூடுபனி, பாறை. இன்று போகிறவர்களும் மனிதக் கை படாத 'இயற்கை'யைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் காலடியில், புல் மூடிய தாழ்ந்த கல்வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. 'ரீவ்' என்று பெயர். 1970களில் ஆண்ட்ரூ ஃபிளெமிங் அவற்றை நடந்து நடந்து ஆராய்ந்தார். அத்தனையும் வரப்பு! ஏறத்தாழ கி.மு. 1500இல் போட்டவை.

வரப்பு என்றால் நம்மூர் மாதிரி நிலத்தின் போக்குக்கு வளைந்து போவதில்லை. மேடு பள்ளம் பார்க்காமல், ஒன்றுக்கொன்று இணையாக, நேராக. நடுவில் டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கு வந்தாலும் அக்கரையில் அதே திசையில் தொடர்கின்றன. ஒரு குடும்பம் தன் பாட்டுக்குக் கல் அடுக்கினால் இப்படி வராது. பல குடும்பங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கணும். யாருக்கு எவ்வளவு என்று சண்டை வந்திருக்காதா என்ன?

அந்த மண்ணின் புளிப்பு எலும்புகளைத் தின்றுவிடும். ஆனால் ஷா மூரில் தோண்டியபோது வேலிப்பள்ளத்தின் அடியில் ஆடுமாடுகளின் குளம்படிகள் அப்படியே இருந்தன. எலும்பு போய்விட்டது, நடை மிஞ்சியிருக்கிறது.

பிறகு குளிரும் ஈரமும் கூடி, மேட்டுநிலத்தில் ஆட்கள் குறைந்தார்கள். இடைக்காலத்தில் மறுபடி ஏறி வந்தார்கள். ஹவுண்ட் டோரில் அவர்களுடைய நீளவீடுகள் இருக்கின்றன. மேல்பக்கம் மனிதர், கீழ்ப்பக்கம் மாடு, சாணமூத்திரம் வழிய ஒரு வடிகால். தானியத்தை வெயிலில் காயவைக்க முடியாமல் உலை கட்டி உலர்த்தியிருக்கிறார்கள். இந்த ஊரும் காலியானது. கொள்ளைநோயில் எல்லோரும் செத்தார்கள் என்பது கதைக்கு நல்லா இருக்கும். கீழே ஆளின்றி நல்ல நிலம் கிடக்க, இந்த மழையில் எதுக்கு என்று இறங்கிப் போயிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஹோல்ன் மூரில் இடைக்கால விவசாயிகள் சில இடங்களில் பழைய ரீவ்களையே தங்கள் வயல் எல்லையாக வைத்துக்கொண்டார்கள். கல் ஏற்கனவே அங்கே வரிசையாகக் கிடந்ததே.