ஏவுகணையா, நம்ம விமானமா? – ஒரு இழை

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போரின் கடைசி வாரம். குவைத் கரைக்கு எதிரே அமெரிக்கப் போர்க்கப்பல் மிசௌரி நிற்கிறது. 1945-ல் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இதே கப்பலின் மேல்தளத்தில்தான்.

பீரங்கியும் இரும்புக் கவசமும் பெருசு. ஆனா வர்ற ஏவுகணையைத் தூரத்துலயே அடிக்கிற ஆயுதம் அதுகிட்ட இல்லை. அதனால கூடவே இரண்டு காவல் கப்பல்கள்: பிரிட்டனின் க்ளோஸ்டர், அமெரிக்காவின் ஜாரெட்.

கப்பல்களோட தற்காப்பு மூணு அடுக்கா இருக்கும்.

முதல் அடுக்கு, தூரத்துல வரும்போதே எதிர் ஏவுகணையால அடிக்கிறது. க்ளோஸ்டர்கிட்ட இருந்தது 'சீ டார்ட்'.

இரண்டாவது, ஏமாத்துறது. 'சாஃப்'னு சொல்லுற உலோகப் பூச்சு இழைகளை வானத்துல தூவினா, ஏவுகணையோட ரேடாருக்கு அதுவும் ஒரு கப்பல் மாதிரி தெரியும்.

மூணாவது, கடைசி நேரத் துப்பாக்கி 'ஃபாலன்க்ஸ்'. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் 20 மி.மீ. குண்டுகளைப் பொழியும். மனுஷன் கை வைக்காமலே குறிபார்த்துச் சுடும்.

கருவி எல்லாம் இருக்கு. அப்புறம் என்ன கஷ்டம்? வர்றது எதிரிதானான்னு யார் சொல்றது?

இதே வளைகுடாவுல 1987 மே 17 அன்று, ஈராக் விமானம் ஒன்று நெருங்கிவருவதை அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பல் பார்த்தது. தாக்காதுன்னு நினைச்சாங்க. இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள் பாய்ந்தன. 37 மாலுமிகள் இறந்தார்கள். சாஃப் தூவவே இல்லை.

அடுத்த வருஷம், 1988 ஜூலை 3. வின்சென்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல், வர்றது போர் விமானம்னு நினைச்சு சுட்டது. அது ஈரானின் பயணிகள் விமானம். 290 பேரும் இறந்தார்கள்.

தயங்கினதால 37 உயிர். அவசரப்பட்டதால 290 உயிர்.

இந்த இரண்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற காலத்துலதான் க்ளோஸ்டரின் ரேடார் திரையில ஒரு புள்ளி தெரிஞ்சது. வான் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் லெப்டினன்ட் கமாண்டர் மைக்கேல் ரைலி. குண்டு போட்டுட்டுத் திரும்புற அமெரிக்க ஏ-6 விமானங்களும் அதே வழியாத்தான் வரும். அளவும் வேகமும் ஏறக்குறைய அதே. தங்களை அடையாளம் காட்டுற கருவியையும் சில விமானிகள் அணைச்சு வெச்சிருந்தாங்க.

புள்ளியைப் பார்த்ததுமே ரைலிக்கு 'இது ஏவுகணை'ன்னு மனசுல பட்டது. ஆனா அதை மட்டும் நம்பிச் சுடலை. உயரத்தைக் கேட்டார். சுமார் 1,000 அடி. ஏ-6 வழக்கமா அதைவிட உயரத்துல பறக்கும். சுடச் சொன்னார். சீ டார்ட் பாய்ந்தது. புள்ளி தெரிஞ்சதுல இருந்து எல்லாம் முடிய சுமார் ஒன்றரை நிமிஷம்.

சுட்டது யாரைன்னு உறுதியாகத் தெரிய இன்னும் சில மணி நேரம் ஆச்சு. அந்த நேரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வீழ்ந்தது சீனத் தயாரிப்பான 'சில்க்வோர்ம்' ஏவுகணை. ஈராக் ஏவிய இரண்டில் இன்னொன்று தானாகவே கடலில் விழுந்துவிட்டது.

உயரம் தெரியும் முன்னாடியே அவருக்கு எப்படித் தோணுச்சு? அவராலயே சொல்ல முடியலை. வேகம் கூடுற மாதிரி இருந்ததுன்னார். பதிவைப் பார்த்தா வேகம் கூடவே இல்லை. முடிவெடுத்தலை ஆராயும் உளவியலாளர் கேரி க்ளைன் இதைப் பற்றி எழுதியிருக்கார். தாழ்வாகப் பறந்ததால, கரையோரத்து ரேடார் இரைச்சல்ல இருந்து அந்தப் புள்ளி விமானங்களைவிடத் தாமதமாக, கரையிலிருந்து தள்ளி வெளிப்பட்டிருக்கு. பல நாள் அதே திரையைப் பார்த்த கண்ணு வித்தியாசத்தைப் பிடிச்சிருச்சு. மூளைக்குக் காரணம் சொல்லத் தெரியலை, அவ்வளவுதான்.

வார்டுல நாங்க இதைப் பார்க்கிறோம். பி.பி., பல்ஸ் எல்லாம் சரியா இருக்கும்போதே, அனுபவமுள்ள சிஸ்டர் "டாக்டர், இந்தப் பேஷண்ட் ஏதோ சரியில்லை"ன்னு கூப்பிடுவாங்க. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதுக்காக உடனே ஊசியும் போட்டுடக் கூடாது. போய், இன்னொரு தடவை பரிசோதிக்கணும். ரைலி உயரம் கேட்ட மாதிரி.

இன்னொண்ணும் அன்னைக்கு நடந்தது. தன்னைக் காப்பாத்திக்க மிசௌரி சாஃப் தூவியது. தானியங்கி முறையில் இருந்த ஜாரெட்டின் ஃபாலன்க்ஸ் அந்த இழைகளையே எதிரின்னு நினைச்சு சுட்டது. நாலு குண்டுகள் மிசௌரி மேலேயே பட்டன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அந்தத் துப்பாக்கி பழுதாகலை. என்ன சொல்லி வெச்சிருந்தாங்களோ அதைத்தான் செஞ்சது. காவலுக்கு வந்த கப்பலோட குண்டு, காக்க வேண்டிய கப்பல் மேலேயே பட்டது. அன்னைக்கு ரைலி கேட்ட கேள்வியைக் கேட்க அந்தத் துப்பாக்கிக்குத் தெரியாது.