குருதியாக்கக் குருத்தணுக்களும் பி.சி.ஜி. தடுப்பூசியும்

ஸ்டெம் செல் எனப் பரவலாகச் சொல்லப்படும் குருத்தணுக்களுள் குருதியாக்கக் குருத்தணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தங்கி, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு அனைத்தையும் உண்டாக்குபவை. மஜ்ஜையின் துணைச் செல்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதமே அவற்றை அங்குப் பிடித்து வைத்திருக்கிறது. நோய்த்தொற்றின்போது ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி பெருகி அப்பிடி தளரும். குருத்தணுக்கள் இரத்தத்தில் கலந்து, எலிகளில் மண்ணீரலை அடைந்து, அங்கும் குருதியணுக்களை உருவாக்கும். மருத்துவமும் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. குருத்தணுக் கொடையாளிக்கு நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டால், எலும்பைத் துளைக்காமல் கைச்சிரை இரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவருகிறது.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்கும் குருத்தணுக்களுக்கும் உள்ள தொடர்பு ஒரு புதிரிலிருந்து தெரியவந்தது. பி.சி.ஜி. போட்டபின் மானோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் பிற கிருமிகளையும் முனைப்பாக எதிர்க்கின்றன. ஆனால் அவை இரத்தத்தில் வாழ்வதோ சில நாள்களே. பயன் மாதக்கணக்கில் நீடிப்பது எப்படி? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மசியார் திவாங்காகி குழுவினர் 2018இல் எலிகளைக் கொண்டு விடை கண்டனர். சிரைவழி செலுத்திய பி.சி.ஜி. மஜ்ஜைக்குள் புகுந்தது, குருத்தணுக்கள் பெருகி, வெள்ளணுக்களின் ஒரு கிளையான மைலாய்டு அணுக்களை நோக்கித் திரும்பின. அம்மஜ்ஜையைத் தடுப்பூசி பெறாத எலிக்கு மாற்றியபோது, அதில் உருவான பெருவிழுங்கணுக்களும் காசநோய்க் கிருமியை நன்கு அடக்கின. தோலடியில் போட்ட ஊசிக்கு இவ்விளைவு இல்லை. ஆகவே எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவது தவறு. திருச்சி அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கும் இந்த ஊசி இடது மேற்கையின் தோலுக்குள்தான் போடப்படுகிறது. எனினும் 2020இல் நெதர்லாந்து ஆய்வொன்று, தோலில் பி.சி.ஜி. பெற்ற தன்னார்வலரின் மஜ்ஜைக் குருத்தணுக்களில் 90 நாள் கழித்தும் மைலாய்டுச் சார்பைக் கண்டது.

பி.சி.ஜி. ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948இல் தொடங்கியது. 1968இல் தொடங்கிய செங்கற்பட்டு ஆய்வு சுமார் 2,60,000 பேரை உட்படுத்தி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுப்பதில்லை எனக் காட்டியது. குழந்தைகளின் மூளையுறைக் காசநோயைத் தடுப்பதால் ஊசி தொடர்கிறது. கொரோனாக் காலத்தில் சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முதியோரிடம் நடத்திய ஆய்வில், ஊசிக்கு ஒரு மாதத்துக்குப் பின் அழற்சியூக்கிப் புரதங்கள் இரத்தத்தில் குறைந்திருந்தன. 2021இல் அது வெளியாயிற்று.