சும்மா சுழலும் தட்டு

வேலையில்லாத நேரத்தில் வன்தட்டை நிறுத்திவைக்கும் வழக்கம் மடிக்கணினியோடு வந்தது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றின. படிக்க ஏதும் இல்லாதபோதும் அவை நிற்கவில்லை. சுவரிலிருந்து மின்சாரம் வந்தவரை அது யாரையும் உறுத்தவும் இல்லை. 1980-களின் கடைசியில் இரண்டரை அங்குல வன்தட்டுகள் பேட்டரியில் ஓடும் கணினிக்குள் புகுந்த பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டிவந்தது.

நிறுத்தும் கட்டளையில் சிக்கல் எதுவும் இல்லை. ஏடிஏ தரமுறையிலேயே ‘ஐடில்’, ‘ஸ்டாண்ட்பை’, ‘ஸ்லீப்’ என்ற ஓய்வு நிலைகள் உண்டு. ஐடிலில் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். ஸ்டாண்ட்பையில் மோட்டார் நின்றுவிடும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். நின்ற தட்டு முழு வேகத்தை எட்டச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகளில் அது சும்மா சுழலும்போது குடிப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் குடிக்கும். நிறுத்திய கையோடு எழுப்பினால் நஷ்டம். உற்பத்தியாளர்கள் 3 முதல் 5 நிமிடம் காத்திருக்கச் சொல்லிவந்த காலத்தில், 2 விநாடி போதும் என்று 1994-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பேட்டரியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரி. ஒவ்வொரு முறையும் தட்டு எழும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

லினக்ஸில் இந்தக் காத்திருப்பு நேரத்தை அமைக்க மார்க் லார்ட் எழுதிய ‘ஹெச்டிபார்ம்’ கருவி பயன்பட்டது. கடிகாரம் ஓடியது தட்டுக்குள்ளே. லினக்ஸின் கருவான கெர்னலுக்கு அதில் பங்கில்லை. ஆனால் தட்டைத் தூங்கவிடாமல் செய்தது கெர்னல்தான். நினைவகத்தில் மாறிய தகவலை ஏறத்தாழ 30 விநாடிக்குள் தட்டில் எழுதிவிடுவது யூனிக்ஸ் மரபு. 2001-இல் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3 கோப்பு முறை 5 விநாடிக்கு ஒருமுறை தன் குறிப்பேட்டைப் பதிவு செய்தது. ஒரு கோப்பை வெறுமனே படித்தாலும், படித்த நேரத்தைக் குறிக்க ஓர் எழுத்து வேலை கிளம்பியது. 5 நிமிட அமைதியை எதிர்பார்த்த கடிகாரத்துக்கு அரை நிமிட அமைதிகூட வாய்க்கவில்லை.

இதற்கு விடையாக வந்தது ‘லேப்டாப் மோடு’. யென்ஸ் ஆக்ஸ்போ தொடங்கியதை பார்ட் சாம்வெல் கெர்னலின் 2.6 வரிசைக்குக் கொண்டுவந்தார், 2004-இல் 2.6.6 பதிப்பில் அது சேர்ந்தது. எழுத வேண்டியதை 10 நிமிடம் வரை நினைவகத்திலேயே சேர்த்துவைப்பது, இடையில் ஏதாவது படிப்பதற்காகத் தட்டு எழுந்தால் அந்தச் சாக்கில் எல்லாவற்றையும் எழுதி முடிப்பது: இவ்வளவுதான் உத்தி. கணினி திடீரென நின்றால் 10 நிமிட உழைப்பு போய்விடும் என்பதை அதன் ஆவணம் மறைக்கவில்லை. தட்டைத் தொடும் நிரல் எது என்று காட்டிக்கொடுக்கும் வசதியும் கூடவே வந்தது. அதை இயக்குமுன் பதிவேட்டு நிரலை நிறுத்த வேண்டியிருந்தது; இல்லாவிட்டால் அது தந்த செய்திகளை எழுதுவதற்கே தட்டு விழித்தது. படித்த நேரத்தைக் குறிக்கும் தொல்லை 2009-இல், 2.6.30 பதிப்பில், பெருமளவு அடங்கியது.

ஓய்வு மிஞ்சினாலும் கேடு உண்டு. 2007 வாக்கில் சில மடிக்கணினித் தட்டுகள் சில விநாடிக்கு ஒருமுறை தம் படிக்கும் முனையை ஒதுக்கி நிறுத்தத் தொடங்கியதை உபுண்டு பயனர்கள் கவனித்தார்கள். இத்தகைய தட்டுகள் பொதுவாக 600,000 முறை ஒதுங்குவதற்கே உத்தரவாதம் பெற்றவை. நிமிடத்துக்கு நான்கு முறை ஒதுங்கினால், நாளுக்கு எட்டு மணி நேரப் பயன்பாட்டில் ஓராண்டுக்குள் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும்.

எந்தச் சாதனம் சும்மா இருக்கிறது என்பதைக் கெர்னலே கணக்கில் வைக்கத் தொடங்கியது 2009 டிசம்பரில், ரஃபேல் விசோக்கி 2.6.32 பதிப்பில் சேர்த்த பொதுச் சட்டகத்தால். கோரிக்கை வரிசை காலியானதும் சேமிப்புச் சாதனத்தை ஓய்வுக்கு அனுப்பும் ஏற்பாடு 2013-இல் 3.10 பதிப்பில் வந்தது. புதிய கோரிக்கை வந்தால் முதலில் சாதனம் விழிக்கும், பிறகே வேலை நடக்கும். பயனர் நேர வரம்பு எதையும் அமைக்காதவரை இந்த ஏற்பாடு செயல்படாது. பழைய அனுபவம் கற்றுத்தந்த எச்சரிக்கை அது.

தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகு விநாடிக் கணக்கு மைக்ரோ விநாடிக் கணக்காகச் சுருங்கியது. 2017-இல் 4.11 பதிப்பில் ஆண்டி லுடோமிர்ஸ்கி சேர்த்த முறையில், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி தானாகவே ஆழ்ந்த நிலைகளுக்கு இறங்குகிறது. ஒரு நிலைக்குள் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைப்போல் 50 மடங்கு சும்மா இருந்தால் மட்டும் இறங்கலாம் என்ற அட்டவணையைக் கெர்னல் அப்போது அதற்குக் கொடுத்தது. சில சாதனங்கள் சில மடிக்கணினிகளில் இறங்கிய பின் விழிக்க மறுத்தன. அவற்றுக்கான விதிவிலக்குகள் இயக்கியின் நிரலிலேயே இடம்பெற்றன. பட்டியலில் இல்லாத சாதனம் முரண்டு பிடித்தால், கணினியைத் தொடங்கும்போது தாமத வரம்பைச் சுழியமாகக் கொடுத்து இந்த இறக்கத்தையே தடுத்துவிடலாம்.