செருப்புத் தைத்தோர் செதுக்கிய உரிமை

1880-ஆம் ஆண்டு, ஜூன் 23-ஆம் நாள். இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில் நிமிர்ந்து நிற்கும் பார்லிமெண்டு மாளிகையின் மணிக்கூண்டிலே ஒரு கைதி. கொலை செய்தவரல்லர், கொள்ளையடித்தவரல்லர், அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவருமல்லர். மக்கள் வாக்களித்து அனுப்பிவைத்த உறுப்பினர். தமக்குரிய இடத்தில் அமர வந்தார். அமரக்கூடாது, வெளியேறு என்றது சபை. வெளியேற மறுத்தார். அதுதான் குற்றம்!

அந்தக் கைதியின் பெயர் சார்லஸ் பிராட்லா. பகுத்தறிவு பேசுவோர் பலருக்கும் அந்தப் பெயர் பழக்கமானதுதான். கடவுள் பெயரால் ஆணையிட்டுத்தான் சபைக்குள் நுழையவேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து நின்ற மாவீரர் என்று அவரைப் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் வீரரைப் போற்றும்போது, அந்த வீரரைத் திரும்பத் திரும்பக் களத்துக்கு அனுப்பிய மக்களை மறந்துவிடுகிறோம். அவர் பின்னால் ஓர் ஊர் நின்றது. நார்தாம்ப்டன் என்பது அதன் பெயர். இன்று நாம் பேச விரும்புவது அந்தத் தொகுதியின் கதையை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நீன் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் நார்தாம்ப்டன். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், ஆகவே மாடு. மாட்டினால் தோல், தோலினால் செருப்பும் பூட்சும். ஊரின் தொழில் அது; ஊரின் பெருமையும் அது. 1642-ல் அயர்லாந்துக்குச் சென்ற படைக்காக 4,000 சோடி செருப்புகளும் 600 சோடி பூட்சுகளும் தைத்துக் கொடுத்த ஊர் அது. மன்னனுக்கும் மக்கள் மன்றத்துக்கும் போர் மூண்டபோது, நார்தாம்ப்டன் மன்றத்தின் பக்கம் நின்றது. முதலாம் சார்லஸ் மன்னனின் படையை முறியடித்த நேஸ்பி போர், 1645-ல், அதே மாவட்டத்தில்தான் நடந்தது. முடியாட்சி மீண்டும் வந்தபோது இரண்டாம் சார்லஸ் இதை மறக்கவில்லை. 1662-ல் அவன் கட்டளைப்படி ஊரின் மதிற்சுவர்கள் இடித்துத் தள்ளப்பட்டன.

மதில் இடிந்தது, மனம் இடிந்ததா? அதைத்தான் பார்க்கவேண்டும்.

அந்நாளைய இங்கிலாந்திலே வாக்குரிமை என்பது ஊருக்கொரு விதமாக இருந்தது. பழைய சாரம் என்றொரு தொகுதி, மேடும் புல்லும்தான் அங்கே, குடிமக்கள் இல்லை. ஆனாலும் 1832 வரையில் அந்த மேட்டின் பெயரால் இரண்டு உறுப்பினர்கள் சபையில் அமர்ந்தார்கள். ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர் நகருக்கோ ஓர் உறுப்பினர்கூட இல்லை. இந்த அலங்கோலத்தின் நடுவே நார்தாம்ப்டன் ஒரு விலக்கு. தருமப் பணம் பெறாத குடும்பத்தலைவன் எவனுக்கும் அங்கே வாக்கு உண்டு. தோல் அறுக்கும் கைக்கும் வாக்கு. ஊசி பிடிக்கும் கைக்கும் வாக்கு.

வாக்கு இருந்தால் போதுமா? அதன் மதிப்பை அறிந்திருக்கவேண்டாமா? 1768-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பார்ப்போம். மூன்று பிரபுக்கள், ஹாலிபாக்ஸ், நார்தாம்ப்டன், ஸ்பென்சர் என்போர், ஆளுக்கொரு வேட்பாளரை நிறுத்தி, இந்த ஒரு தொகுதிக்காகப் போட்டியிட்டார்கள். மாளிகைக் கதவுகள் திறந்தன. மதுப் பீப்பாய்களும் திறந்தன. வாக்காளர் குடித்தார்கள், உண்டார்கள், களித்தார்கள். பணம் தண்ணீராக ஓடிற்று. தேர்தல் முடிந்தபோது நார்தாம்ப்டன் பிரபு தம் தோட்டத்து மரங்களை வெட்டி விற்று, வீட்டுச் சாமான்களை விற்று, சுவிட்சர்லாந்து சென்று அங்கேயே காலம் கழித்து மடிந்தார். 'ஊதாரிப் பிரபுக்கள் தேர்தல்' என்று வரலாறு அதனை எள்ளி நகையாடுகிறது.

பிறகு 1796 முதல் 1812 வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் ஸ்பென்சர் பெர்சிவல்; முதலமைச்சராகவும் உயர்ந்தவர்; சபை மாளிகையின் கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அரசுத் திருச்சபையின் அசைக்கமுடியாத பற்றாளர். கத்தோலிக்கருக்குக்கூட அரசியல் உரிமை தரலாகாது என்று வாதாடியவர். எண்ணிப் பாருங்கள்! பீப்பாய்க்கு மயங்கிய ஊர், பெர்சிவலைத் தேர்ந்தெடுத்த ஊர், அதே ஊர்தான் பின்னர் பிராட்லாவைத் தேர்ந்தெடுத்தது. ஒரு தொகுதியின் குணம் கல்வெட்டு அல்ல. அது மாறுகிறது, மாற்றப்படுகிறது.

மாற்றியது எது? தொழிற்கூடம் என்போம் நாம். செருப்புத் தைக்கும் வேலை அந்நாளில் பெரும்பாலும் வீட்டிலும் சிறு கூடத்திலும் நடந்தது. இரைச்சலிடும் பெரும் இயந்திரம் இல்லை. கை தைத்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், ஒருவர் செய்தித்தாளைப் படிக்க, மற்றவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பர். கேட்டவர் சிந்தித்தார், சிந்தித்தவர் வினவினார். அனைவருக்கும் வாக்குரிமை கோரிய சாசன இயக்கம் அங்கே வேர் விட்டது. 1841-ல் அவ்வியக்கத்தின் வேட்பாளர் ஒருவர் அங்கே நின்று தோற்றார்; ஆனால் கருத்து தோற்கவில்லை. 1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரங்களில் குடியிருக்கும் உழைப்பாளரை வாக்காளராக்கியது. 1872-ல் இரகசிய வாக்குமுறை வந்தது. முதலாளியின் முகத்துக்கு எதிரே கைதூக்கவேண்டிய அச்சம் நீங்கிற்று.

இந்த ஊருக்குத்தான் 1868-ல் வந்தார் பிராட்லா. இலண்டனில் 1833-ல், வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வேதம் சொல்லிக்கொடுக்கப் போன இளைஞர், திருச்சபையின் கொள்கை விதிகளுக்கும் நற்செய்தி நூல்களுக்கும் இடையே முரண்பாடு காண்கிறோமே என்று பாதிரியாரைக் கேட்டார். விடை கிடைக்கவில்லை, வெளியேற்றம் கிடைத்தது. வீட்டையும் துறந்தார். படைவீரரானார், பேச்சாளரானார், 1866-ல் தேசிய மதச்சார்பற்ற கழகத்தை நிறுவினார். 1877-ல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சிறுநூலை வெளியிட்டதற்காக அவரோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அன்னி பெசண்ட். ஆம், பிற்காலத்தில் நம் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவியாக வீற்றிருந்த அதே அம்மையார்தான்!

1868-ல் பிராட்லா பெற்ற வாக்கு 1,086. தோல்வி. அந்தத் தேர்தலுக்கு அவருக்குப் பத்துப் பவுன் நன்கொடை அனுப்பினார் அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். நாத்திகனுக்கா நன்கொடை என்று கூச்சல் எழுந்தது. மில் நின்ற வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி அவரைத் தோற்கடித்தது. அந்த நன்கொடையும் ஒரு காரணம் என்று மில்லே கருதினார். இலண்டனின் நாகரிகத் தொகுதி நாத்திகருக்கு உதவியவரையே தள்ளிற்று. செருப்புத் தைப்போரின் தொகுதியோ நாத்திகரையே ஏந்த ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. 1874-ல் இரண்டு தேர்தல்கள், இரண்டிலும் தோல்வி, ஆனால் வாக்கு 1,653 என்றும், பின்னர் 1,766 என்றும் ஏறிற்று. 1880-ல் 3,827 வாக்கு. வெற்றி! இரண்டு உறுப்பினர் தொகுதியான அங்கே லபூஷேரும் பிராட்லாவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

பிறகு நடந்தது ஆறாண்டுப் போராட்டம். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூறுகிறேன் என்றார் பிராட்லா. சபைக்குழு ஒரே ஒரு வாக்கால் மறுத்தது. அப்படியானால் சட்டம் கேட்கும் ஆணையையே எடுக்கிறேன் என்றார். நாத்திகன் எடுக்கும் ஆணை ஆணையாகாது என்று அதையும் மறுத்தார்கள். இது எந்த ஊர் நியாயம்? ஆணையிடாவிட்டால் நுழையாதே, ஆணையிட வந்தால், உனக்கு ஆணையிடும் தகுதி இல்லை! மணிக்கூண்டுச் சிறை அப்போது நேர்ந்ததுதான். மறுநாள் விடுவித்தார்கள். வழக்கு வந்தால் தம் பொறுப்பு என்ற நிபந்தனையோடு, ஜூலையில் உறுதிமொழி கூறி அமர்ந்தார். வழக்கு வந்தது. 1881 மார்ச்சில் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இடம் காலியாயிற்று.

இப்போது கேள்வி நார்தாம்ப்டனை நோக்கித் திரும்பிற்று. உன் பிரதிநிதியை வேண்டாம் என்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

ஏப்ரல் 1881: பிராட்லா 3,437, எதிர்ப்பாளர் 3,305. நார்தாம்ப்டனின் விடை அது. அந்த விடையை ஏந்திக்கொண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் சபையின் வாயிலுக்குச் சென்றவரைக் காவலர்கள் இழுத்துத் தள்ளினார்கள். சட்டை கிழிய, மூச்சுத் திணற, முற்றத்திலே கொண்டுவந்து விட்டார்கள். 1882 பிப்ரவரியில் அவர் தம் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, தாமே ஆணை கூறித் தாமே கையொப்பமிட்டார். சபை அவரை நீக்கியது. மார்ச்சு 1882: பிராட்லா 3,796, எதிர்ப்பாளர் 3,688. 1883-ல் உறுதிமொழி மசோதா வந்தது. ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளரான கிளாட்ஸ்டன் அதை ஆதரித்துப் பேசினார்; 292-க்கு 289 என்று மூன்றே வாக்கில் மசோதா வீழ்ந்தது. 1884-ல் மீண்டும் விலக்கம், மீண்டும் இடைத்தேர்தல்: பிராட்லா 4,032, எதிர்ப்பாளர் 3,664.

இந்த எண்களைச் சற்று நின்று பாருங்கள், தோழர்களே! முதல் இடைத்தேர்தலில் 132 வாக்கு வேறுபாடு, இரண்டாவதில் 108, மூன்றாவதில் 368. எளிதாகக் கிடைத்த வெற்றியல்ல. பிரசங்க மேடைகள் எதிர்த்தன, பணம் எதிர்த்தது, நாத்திகனுக்கு வாக்களித்தவன் என்ற பழிச்சொல் எதிர்த்தது. 108 வாக்கு என்பது என்ன? அறுபது பேர் அஞ்சி அணி மாறியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த அறுபது பேர் அஞ்சவில்லை.

வாக்களித்தவர் அத்தனைபேரும் நாத்திகரா? இல்லை. அரசுத் திருச்சபையைச் சேராத கிறித்தவர் பலர் அங்கே இருந்தனர். ஞாயிறுதோறும் தவறாமல் தொழச் சென்றவர்கள். தங்கள் முன்னோரும் ஒரு காலத்தில் ஆணைமொழியின் பெயரால் உரிமை இழந்தவர்கள் என்பதை மறவாதவர்கள். பிராட்லாவின் கொள்கை வேறு, எங்கள் கொள்கை வேறு. ஆனால் எங்கள் உறுப்பினர் யார் என்பதை நாங்கள் முடிவு செய்வோம், சபை முடிவு செய்யலாகாது என்பதே அவர்கள் நிலை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: செருப்பின் மேற்தோலைத் தைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்த ஊரிலே உழைத்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் அந்தத் தேர்தல்களில் வாக்கு இல்லை. 1918 வரையில் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

நார்தாம்ப்டனுக்கு முன்னோடியும் உண்டு. 1768-ல் மிடில்செக்ஸ் தொகுதி ஜான் வில்க்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. சபை நீக்கியது. மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினார்கள். 1769-ல் 1,143 வாக்குப் பெற்ற வில்க்ஸைத் தள்ளி, 296 வாக்குப் பெற்ற லட்ரலை உறுப்பினர் என்று அறிவித்தது சபை! 1782-ல் அந்தத் தீர்மானத்தைத் தன் ஏட்டிலிருந்து சபையே அழித்தது. நூறாண்டு கழித்து அதே தவற்றை மீண்டும் செய்தது. மீண்டும் ஒரு தொகுதி அதனைத் திருத்தவேண்டியிருந்தது.

1885 பொதுத்தேர்தலிலும் நார்தாம்ப்டன் பிராட்லாவையே அனுப்பிற்று. 1886 ஜனவரி 13-ஆம் நாள், புதிய சபையின் சபாநாயகர் பீல், உறுப்பினர் ஆணை எடுப்பதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்றார். பிராட்லா அமர்ந்தார். அமர்ந்தவர் வாளா இருக்கவில்லை. 1888-ல், விரும்புவோர் கடவுள் பெயரின்றி உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார். 1889-ல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். 'இந்தியாவின் உறுப்பினர்' என்று பெயர் பெற்றார். 1891 ஜனவரி 27-ஆம் நாள், அவரை விலக்கிய 1880-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தன் ஏட்டிலிருந்து சபை நீக்கியது. அவரோ நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். செய்தியை அறியாமலே ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார். அவருடைய அடக்கத்துக்குச் சென்றவர்களில் இலண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியாரும் ஒருவர். ஊர் அவருக்கு 1894-ல் அபிங்டன் சதுக்கத்தில் சிலை எழுப்பிற்று.

நம் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அந்த 1880-களிலேயே சென்னையில் 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் ஏட்டை நடத்திய பகுத்தறிவாளர்கள், பிராட்லாவின் கழகத்தோடு தொடர்பு கொண்டிருந்தனர். இன்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கடவுள் பெயரால் ஆணையிடவும், உளமார உறுதி கூறவும் இரு வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. 1967-ல் அண்ணாவின் அமைச்சரவை பதவியேற்றபோது 'உளமார' என்ற சொல் ஒலித்தது. தடையின்றி ஒலித்தது. தடையில்லாத அந்தப் பாதையைப் பிராட்லாவும், அவரைக் கைவிடாத நார்தாம்ப்டன் வாக்காளரும் முன்பே வெட்டிச் செப்பனிட்டிருந்தார்கள்.

தோல் தொட்டவனைத் தொடாதே என்றும், செருப்புத் தைப்பவன் ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்றும் சாத்திரம் பேசிய நாடு நம் நாடு. சீமான்களும் பாதிரிமாரும் நிறைந்த சபைக்கு, செருப்புத் தைப்போர்தான் சனநாயகம் கற்பித்தார்கள் என்பதை இந்த நாட்டிலே உரக்கச் சொல்லவேண்டும்.

நம் தொகுதி, நம் வட்டம் என்று பேசும் இளைஞர்கள் சாதிக் கணக்கையும் பணக் கணக்கையும் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, நம் ஊரார் கூடிப் படிக்கும் இடம் எது, வாதாடும் இடம் எது, அஞ்சாமல் வாக்களிக்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டுவது எது என்று கேட்கட்டும். இல்லையென்றால் அத்தகைய இடத்தை உண்டாக்கட்டும். 1768-ல் பீப்பாய்க்கு முன்னே வரிசையில் நின்ற ஊர், நூற்றிருபது ஆண்டுகளுக்குள் ஒரு சபையையே பணியவைத்தது. நம் ஊர்களுக்கும் அந்த ஆற்றல் உண்டு. அதற்கான வேலையை நாம் தொடங்கவேண்டும்.